கொம்பு ஏன் முறிகிறது? விசைச் சமநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண தர விஞ்ஞானத்திலும் உயர்தரப் பௌதிகவியலிலும் விசைச் சமநிலை வரும்போது மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். புவியீர்ப்பு ஆர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் என்று எடுத்திருக்கிறோம். ஆகவே 1 கிலோகிராம் திணிவின் நிறை 10 நியூற்றன். உதாரணங்களில் வரும் எண்கள் கணக்குக்காக வைத்தவை.

விசைகள் சமப்பட்டிருக்கின்றன என்றால் என்ன?

ஒரு பொருளின் மீது தாக்கும் எல்லா விசைகளையும் பருமன், திசை இரண்டையும் பார்த்துக் கூட்டினால் விடை சூனியம். அதாவது விளையுள் விசை சூனியம். உறியில் தொங்கும் 3 கிலோகிராம் தயிர்ச்சட்டியைப் புவி 30 நியூற்றனால் கீழே இழுக்கிறது. உறிக் கயிறு 30 நியூற்றனால் மேலே இழுக்கிறது. சட்டி அப்படியே நிற்கிறது.

திசையை மறந்தால் கூட்டல் பிழைத்துவிடும். 3 நியூற்றன் கிழக்கே, 4 நியூற்றன் வடக்கே என்றால் விளையுள் 7 அல்ல, 5 நியூற்றன். அதைச் சமப்படுத்த, விளையுளுக்கு நேர் எதிர்த் திசையில் 5 நியூற்றன் வேண்டும்.

சமநிலையில் இருக்கும் பொருளில் விசையே இல்லை என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. இந்தப் பாடத்தில் முதலில் களைய வேண்டிய எண்ணம் இதுதான். அதற்கு மட்டக்களப்பில் கொம்புமுறியை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டில், வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி, வடசேரி தென்சேரி என்று இரு கட்சியாகப் பிரிந்து இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. ஒரு பக்கம் 20 பேர், ஆளுக்கு 150 நியூற்றன் என்று வையுங்கள். வடசேரிக் கொம்பை அதன் வடம் 3000 நியூற்றனால் ஒரு பக்கம் இழுக்கிறது. கொளுவியிருக்கும் தென்சேரிக் கொம்பு அதை 3000 நியூற்றனால் மறுபக்கம் இழுக்கிறது. விளையுள் சூனியம், கொம்பு அசையவில்லை. ஆனால் அந்த வளைவுக்குள்ளே மரநார்கள் 3000 நியூற்றனைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. வளைவின் உட்புற நார்கள் இழுபடுகின்றன, வெளிப்புற நார்கள் நெருக்கப்படுகின்றன. தாங்கும் எல்லை கடந்ததும் உட்புறத்தில் வெடிப்பு விட்டு முறிகிறது.

ஆக, விளையுள் சூனியம் என்பது பொருள் ஆர்முடுகாது என்று மட்டுமே சொல்கிறது. பொருளுக்குள்ளே எவ்வளவு நெருக்கடி இருக்கிறது என்பதை அது சொல்லாது. அசையாமல் நின்ற கொம்பு முறிவதும், அசையாமல் நின்ற உறிக் கயிறு அறுவதும் இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு கொம்புகளும் ஒன்றையொன்று இழுக்கும் விசை நியூற்றனின் மூன்றாம் விதிப்படி எப்போதும் சமம். எந்தச் சேரி பலமாக இழுத்தாலும் இரண்டு கொம்புக்கும் விழும் சுமை ஒன்றே. எனவே முறிவது பலம் குறைந்த சேரியின் கொம்பு அல்ல, பலம் குறைந்த கொம்பு. நல்ல வைரமான கொம்பைத் தேடி எடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது என்பதற்குப் பௌதிகவியல் காரணம் இது.

முறிந்த கணத்தில் என்ன நடக்கிறது? கொம்புகள் விலகியதும் வடத்தின் இழுவை இல்லாமல் போகிறது. பின்னால் சாய்ந்து நின்ற ஆட்களை அதுவரை முன்னால் பிடித்து நின்றது அந்த இழுவைதான். நிலம் காலைப் பின்னோக்கித் தள்ளும் உராய்வு மட்டும் ஒரு கணம் எஞ்ச, இரண்டு பக்கமும் பின்னால் விழுகிறார்கள். சமநிலையில் இருந்த விசைகளில் ஒன்று மறைந்தால், எஞ்சியவற்றின் விளையுள் மறைந்த விசைக்குச் சமனும் எதிருமாக இருக்கும். இந்த விதி பரீட்சைக்கு அடிக்கடி உதவும்.

இரண்டு பக்கமும் 500 நியூற்றனால் இழுத்தால் கயிற்றின் இழுவை 500 ஆ, 1000 ஆ?

500 நியூற்றன். நம்ப முடியாவிட்டால் கயிற்றின் நடுவில் ஒரு வில் தராசைப் பூட்டிப் பாருங்கள். பிறகு ஒரு பக்கத்து ஆட்களை எடுத்துவிட்டு அந்த முனையைத் தென்னையில் கட்டுங்கள். மறுபக்கம் அதே 500 நியூற்றனால் இழுத்தால் தராசு அதே அளவைக் காட்டும். தென்னை தன் பங்குக்கு 500 நியூற்றனால் இழுத்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆட்களுக்குப் பதில் மரம் வந்திருக்கிறது, அவ்வளவே.

சாதாரணக் கயிறிழுத்தலில் வெற்றியைத் தீர்மானிப்பது எது என்று கேட்டால், கயிற்றில் இழுவை இரு பக்கமும் சமம் என்பதால், நிலத்துக்கும் காலுக்கும் இடையிலுள்ள உராய்வு. கடற்கரை மணலில் குதியைப் புதைத்து நிற்பவருக்கு மணல் முன்னே தடையாக நிற்கிறது. மேலாலே கால் வைப்பவர் வழுக்கிப் போகிறார்.

மேசை மேலுள்ள பொருளில் நிறையும் செவ்வன் மறுதாக்கமும் சமனும் எதிரும். அப்போது அவை நியூற்றனின் மூன்றாம் விதிச் சோடிதானே?

அல்ல. உயர்தர மாணவர்கூட விழும் குழி இது. மூன்றாம் விதிச் சோடி எப்போதும் இரண்டு வெவ்வேறு பொருள்களில் தாக்கும். சமநிலை விசைகள் ஒரே பொருளில் தாக்கும்.

தயிர்ச்சட்டி மேசை மீது இருக்கிறது. புவி சட்டியைக் கீழே இழுக்கிறது. இதன் சோடி, சட்டி புவியை மேலே இழுப்பது. மேசை சட்டியை மேலே தள்ளுகிறது, இதுதான் செவ்வன் மறுதாக்கம். இதன் சோடி, சட்டி மேசையைக் கீழே அழுத்துவது. நிறையும் மறுதாக்கமும் இரண்டும் சட்டியில்தான் தாக்குகின்றன, ஆகவே அவை சோடியாக முடியாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: மேசையைச் சட்டென்று இழுத்துவிட்டால் மறுதாக்கம் போய்விடும், நிறை அப்படியே இருக்கும். மூன்றாம் விதிச் சோடியில் ஒன்று போய் மற்றது நிற்கவே முடியாது. அதேபோல், செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர் ஆர்முடுகலோடு மேலேறும் மின்னுயர்த்தியில் நிற்கும் 50 கிலோகிராம் ஆளின் நிறை 500 நியூற்றன், தளத்தின் மறுதாக்கம் 600 நியூற்றன். இரண்டும் சமமில்லை, ஏனென்றால் அவர் சமநிலையில் இல்லை. ஆனால் தளம் காலைத் தள்ளுவதும் கால் தளத்தை அழுத்துவதும் அப்போதும் 600, 600 தான்.

ஓடிக்கொண்டிருக்கும் பஸ் சமநிலையில் இருக்க முடியுமா?

முடியும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ், நேரான துண்டில் மணிக்கு 50 கிலோமீற்றர் என்று மாறாமல் ஓடினால் அதன் ஆர்முடுகல் சூனியம். சில்லுகளை வீதி முன்னோக்கித் தள்ளும் விசை, காற்றுத் தடையும் மற்றத் தடைகளும் சேர்ந்த அளவுக்குச் சரியாகச் சமம். "முன்னோக்கிய விசை கொஞ்சமாவது கூடினால்தானே ஓடும்?" என்று பலர் கேட்பார்கள். கூடினால் வேகம் கூடிக்கொண்டே போகும். ஓட்டத்தைத் தொடங்கத்தான் மேலதிக விசை வேண்டும், தொடர வேண்டாம்.

வளைவில் அதே 50 இல் திரும்பினால் கதி மாறவில்லை, ஆனால் வேகத்தின் திசை மாறுகிறது. அங்கே சமநிலை இல்லை. மறுபுறம், மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. வேகம் சூனியம்தான், ஆனால் நிறை அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அங்கும் சமநிலை இல்லை. ஓய்வு என்பதும் சமநிலை என்பதும் ஒன்றல்ல.

அலுமாரியைத் தள்ளுகிறேன், அசையவில்லை. உராய்வு எவ்வளவு?

நீங்கள் தள்ளும் அளவு. 40 கிலோகிராம் அலுமாரி, நிலையியல் உராய்வுக் குணகம் 0.4 என்றால் எல்லை உராய்வு, அதாவது தரை தரக்கூடிய மிகக் கூடிய உராய்வு, 400 × 0.4 = 160 நியூற்றன். நீங்கள் 100 நியூற்றனால் கிடையாகத் தள்ளினால் உராய்வு 100, 150 ஆல் தள்ளினால் 150, தள்ளாவிட்டால் சூனியம். குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால் பெருக்குவது நழுவும் தறுவாயில் மட்டுமே செல்லும். கேள்வியில் "நழுவும் தறுவாயில்" என்றோ "எல்லைச் சமநிலையில்" என்றோ இல்லாவிட்டால் அந்தப் பெருக்கலைத் தொடாதீர்கள்.

விளையுள் விசை சூனியம் என்றால் போதாதா? திருப்பம் எதற்கு?

போதாது. தண்ணீர்க் குழாயின் பிடியை இரண்டு விரலால் திருகும்போது ஒரு விரல் முன்னே, மற்றது பின்னே, சம அளவில் தள்ளுகிறது. விளையுள் சூனியம், ஆனாலும் பிடி சுழல்கிறது. சமனும் எதிரும் சமாந்தரமுமான, ஒரே கோட்டில் அமையாத அப்படிப்பட்ட இரண்டு விசைகளை இணை என்கிறோம்.

எனவே விறைப்பான பொருள் ஒன்று முழுச் சமநிலையில் இருக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும். எந்தத் திசையிலும் விளையுள் விசை சூனியம். எந்தப் புள்ளி பற்றியும் வலஞ்சுழித் திருப்பங்களின் கூட்டு இடஞ்சுழித் திருப்பங்களின் கூட்டுக்குச் சமம்.

திருப்பம் என்பது விசையை, புள்ளியிலிருந்து அதன் தாக்கக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்கி வருவது. "செங்குத்து" என்ற சொல்லில்தான் பரீட்சைப் புள்ளிகள் போகின்றன. நட்டுக் கழற்றும் 40 சென்ரிமீற்றர் சாவியின் முனையில் 200 நியூற்றனைச் செங்கோணத்தில் கொடுத்தால் 80 நியூற்றன் மீற்றர். அதே விசையைச் சாவியோடு 30 பாகை சாய்த்துக் கொடுத்தால் செங்குத்துத் தூரம் 20 சென்ரிமீற்றராகக் குறைந்து, திருப்பம் 40 ஆகிவிடும். இறுகிப்போன சில்லு நட்டு கழலாவிட்டால் கூடுதல் பலத்துக்கு முன் கோணத்தைப் பாருங்கள்.

காவுதடியின் இரண்டு பக்கமும் ஒரே சுமை இல்லாவிட்டால் தோளை எங்கே கொடுப்பது?

பாரமான பக்கத்துக்குக் கிட்ட. தடி 150 சென்ரிமீற்றர், ஒரு முனையில் 12 கிலோகிராம் தயிர்ச்சட்டிகள், மறுமுனையில் 8 கிலோகிராம். தடியின் நிறையை விட்டுவிட்டால், பாரமான முனையிலிருந்து தோளுக்குள்ள தூரத்தை 12 ஆல் பெருக்கியது, மற்றத் தூரத்தை 8 ஆல் பெருக்கியதற்குச் சமமாக வேண்டும். விடை 60 சென்ரிமீற்றரும் 90 சென்ரிமீற்றரும். 12 × 60 = 720, 8 × 90 = 720.

தடியும் 2 கிலோகிராம், சீரானது என்றால் அதன் நிறை நடுவில், 75 ஆவது சென்ரிமீற்றரில் தாக்கும். அது பாரம் குறைந்த பக்கத்துக்குச் சேர்கிறது, தோள் 61.4 சென்ரிமீற்றருக்கு நகர வேண்டும். தோளில் விழும் விசை 220 நியூற்றன். தோளை எங்கே கொடுத்தாலும் சுமைகளாலும் தடியாலும் வரும் இந்தப் பங்கு மாறாது. மாறுவது திருப்பம்: தவறான இடத்தில் தோளைக் கொடுத்தால் தடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டிவரும், அந்த அழுத்தமும் தோளில் வந்து சேரும்.

லாண்ட்மாஸ்டர் பெட்டியில் நெல் மூடையை முன்னுக்கு அடுக்குவதா, பின்னுக்கா?

இந்தக் கேள்வியை நாங்கள் மிகவும் விரும்புகிறோம், ஏனென்றால் அறுவடைக் காலத்தில் வட்டையிலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியும் ஒரு திருப்பக் கணக்கு.

லாண்ட்மாஸ்டர் என்பது கைபிடியால் ஓட்டும் இரண்டு சில்லு உழவு இயந்திரம். அதன் பின்னால் பூட்டும் பெட்டிக்கு ஒரே அச்சு. அச்சிலிருந்து 2 மீற்றர் முன்னால், இரண்டையும் பூட்டும் கொளுவி. 65 கிலோகிராம் மூடை 10 என்றால் நிறை 6500 நியூற்றன். வெறும் பெட்டியின் புவியீர்ப்பு மையம் அச்சுக்கு மேலே இருக்கிறது என்று வைத்து அதை விட்டுவிடுவோம்.

மூடைகளின் பொது மையம் அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தால், அச்சுப் பற்றித் திருப்பம் 6500 × 0.2 = 1300 நியூற்றன் மீற்றர். கொளுவி 1300 ÷ 2 = 650 நியூற்றனால் கீழே அழுத்தப்படும். பெட்டியின் சில்லுகளில் 5850 நியூற்றன் விழும்.

பின் மூடைகளைக் கூட்டி மையம் அச்சுக்கு 10 சென்ரிமீற்றர் பின்னால் போனால், கொளுவி 325 நியூற்றனால் மேலே தூக்கப்படும். லாண்ட்மாஸ்டரின் கொளுவி அதன் சில்லுகளுக்குப் பின்னால் இருப்பதால் கைபிடி மேலெழப் பார்க்கும், எஞ்சின் பக்கம் தாழப் பார்க்கும். அதோடு லாண்ட்மாஸ்டரின் சில்லுகளுக்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள செவ்வன் மறுதாக்கம் 325 நியூற்றன் குறையும், பிடிப்பும் குறையும். வாய்க்கால் கட்டில் ஏறும்போது இது இன்னும் கூடும்: பெட்டி சரிந்தால், உயரத்தில் இருக்கும் சுமையின் நிறைக்கோடு அச்சுக்கு மேலும் பின்னால் போகிறது. ஆகவே மூடையைச் சற்று முன்னுக்கு அடுக்குங்கள். அளவுக்கு மீறி முன்னுக்குத் தள்ளினால் கொளுவி ஊசியும் தேயும், கைபிடியும் பாரமாகும். இறக்கும்போது பின்னாலிருந்து தொடங்குங்கள். முன் மூடைகளை முதலில் எடுத்தால் பெட்டி பின்னால் குத்திட்டு நிற்கும்.

பாலத்தில் லொறி போகும்போது எந்தத் தூண் கூடத் தாங்குகிறது?

லொறிக்குக் கிட்டியது. மட்டக்களப்பு வாவிக்கு மேலே 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தையோ, அதன் அருகே 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தையோ மனதில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு தூண்களுக்கு இடையே 20 மீற்றர், 8000 கிலோகிராம் லொறி இடது தூணிலிருந்து 5 மீற்றரில். இடது தூண் பற்றித் திருப்பம் எடுத்தால் வலது தூணின் மறுதாக்கம் 80 000 × 5 ÷ 20 = 20 000 நியூற்றன். மீதி 60 000 இடது தூணுக்கு. நடுவுக்கு வந்ததும் 40 000, 40 000. இதோடு பாலத்தின் சொந்த நிறையையும் இரண்டு தூணும் எப்போதும் சுமக்கின்றன.

உத்தி: தெரியாத விசை ஒன்று எந்தப் புள்ளியூடு போகிறதோ அந்தப் புள்ளி பற்றித் திருப்பம் எடுங்கள். அந்த விசை சமன்பாட்டிலிருந்து விழுந்துவிடும்.

ஏணி ஏன் நான் பாதிக்கு மேல் ஏறிய பிறகு வழுக்குகிறது?

5 மீற்றர் ஏணி, 20 கிலோகிராம், சீரானது. சுவர் அழுத்தமானது என்று கொள்வோம், அதாவது சுவரில் உராய்வு இல்லை. அடி சுவரிலிருந்து 3 மீற்றரில், தலை 4 மீற்றர் உயரத்தில்.

வெறும் ஏணி: அடியைப் பற்றித் திருப்பம் எடுத்தால் சுவரின் தள்ளல் × 4 = 200 × 1.5. சுவர் 75 நியூற்றனால் தள்ளுகிறது. கிடைத் திசையில் இதைச் சமப்படுத்தத் தரை உராய்வும் 75 நியூற்றன் கொடுக்க வேண்டும். தரையின் செவ்வன் மறுதாக்கம் 200. தேவைப்படும் குணகம் 75 ÷ 200 = 0.375.

60 கிலோகிராம் ஆள் உச்சிவரை ஏறினால்: சுவரின் தள்ளல் × 4 = 200 × 1.5 + 600 × 3 = 2100, ஆகவே 525 நியூற்றன். தரையின் மறுதாக்கம் 800. தேவைப்படும் குணகம் 0.66. கடலோர வீடுகளின் சீமெந்துத் தரையில் மெல்லிய மணல் பரவியிருந்தால், மணல் பருக்கைகள் ஏணிக் காலுக்குக் கீழே உருளும். அந்த அளவு உராய்வு கிடைக்காது. ஆள் ஏற ஏற மறுதாக்கம் மாறாமல் 800 இலேயே நிற்கிறது, தேவைப்படும் உராய்வு மட்டும் கூடிக்கொண்டே போகிறது. கீழ்ப்படியில் நின்று குலுக்கிப் பார்த்து "பிடிப்பாகத்தான் இருக்கிறது" என்று ஏறுவது அதனால்தான் ஆபத்து.

அடியை 1.25 மீற்றருக்கு நகர்த்துங்கள். தலை 4.84 மீற்றரில் நிற்கும். அதே ஆள் உச்சியில் நின்றாலும் சுவரின் தள்ளல் ஏறத்தாழ 181 நியூற்றன், தேவைப்படும் குணகம் 0.23. ஏணியின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தூரத்தில் அடியை வை என்ற வேலையாட்களின் விதிக்குக் கணக்கு இதுதான். தரையைக் கூட்டிவிட்டு ஏணியை வையுங்கள், ஒருவர் அடியை மிதித்துக்கொள்ளட்டும்.

உடுப்புக் கொடியை விறைப்பாகக் கட்டினால் ஏன் அறுகிறது?

நனைந்த சாரம் ஒன்று, 20 நியூற்றன், கொடியின் நடுவில். கொடி இரு பக்கமும் கிடையோடு 30 பாகை தொய்ந்திருந்தால் இழுவை 20 நியூற்றன். 5 பாகை மட்டும் தொய்ந்திருந்தால் இழுவை 115 நியூற்றன். சாரத்தைத் தூக்குவது இழுவையின் நிலைக்குத்துக் கூறு மட்டுமே. கோணம் சிறிதாக ஆக அந்தக் கூறு சிறுக்கும், ஈடுசெய்ய இழுவை பெருக வேண்டும். பாரம் தொங்கும் கொடி முற்றாகக் கிடையாக இருக்கவே முடியாது. மின்கம்பிகளைத் தொய்வு விட்டுக் கட்டுவதற்கும் இது ஒரு காரணம்.

விசை இணைகரச் செய்முறையில் எனக்கு விடை சரியாக வருவதில்லை. எங்கே பிழை?

பெரும்பாலும் கப்பியில், அல்லது கோடு குறிப்பதில்.

பலகையை நிலைக்குத்தாக நிறுத்தி, மேல் மூலைகளில் இரண்டு கப்பிகளைப் பூட்டுங்கள். மூன்று நூல்களை ஒரு முடிச்சில் சேர்த்து, பக்க நூல்களைக் கப்பி மேலால் விட்டு 150 கிராமும் 200 கிராமும், நடு நூலில் 250 கிராமும் தொங்கவிடுங்கள். தட்டு இருந்தால் தட்டின் திணிவையும் சேர்க்க வேண்டும். இதை மறப்பவர் பலர். படிகளோ நூலோ பலகையில் முட்டக்கூடாது.

முடிச்சைக் கையால் சற்று விலக்கி விடுங்கள். இரண்டு மூன்று முறை விட்டும் அதே இடத்தில் வந்து நின்றால் சரி. ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் கப்பியில் உராய்வு இருக்கிறது. ஒரு சொட்டு மெசின் எண்ணெய் விடுங்கள். பிறகு தாளில் நூலின் கோட்டைக் குறிக்க வேண்டும். நூலுக்குப் பின்னால் ஒடுங்கிய தளவாடித் துண்டை வைத்து, நூல் தன் விம்பத்தை மறைக்கும்படி கண்ணை வைத்துக்கொண்டு, நூல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளிகள் குறியுங்கள். புள்ளிகள் கிட்டக் கிட்ட இருந்தால் கோணம் பிழைக்கும். தூரத் தூர வையுங்கள்.

தாளை எடுத்து 1 சென்ரிமீற்றருக்கு 0.25 நியூற்றன் என்ற அளவிடையில் வரைந்தால் பக்கங்கள் 6, 8 சென்ரிமீற்றர். மூலைவிட்டம் 10 சென்ரிமீற்றர் வந்து, நடு நூலின் கோட்டோடு ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். நீளம் சரியாக வந்து கோடு சாய்ந்திருந்தால், புள்ளி குறித்தபோது கண் விலகியிருக்கும்.

மீற்றர்க் கோலைத் தராசாக வைத்து அதன் திணிவை எப்படிக் காண்பது?

முதலில் வெறும் கோலைக் கத்தி விளிம்பில் சமப்படுத்துங்கள். 50.0 இல் நிற்கும் என்று எண்ண வேண்டாம். தேய்ந்த கோல் 49.6 இல் நிற்கலாம். அதுதான் அதன் புவியீர்ப்பு மையம். இப்போது 10.0 குறியில் 100 கிராம் தொங்கவிட்டு மறுபடி சமப்படுத்துங்கள். 31.6 இல் நின்றால், 100 × 21.6 ஐ 18.0 ஆல் பிரிக்க 120 கிராம். மையத்தை 50.0 என்று எடுத்திருந்தால் 117 கிராம் என்று பிழையான விடை வந்திருக்கும். படி தொங்கும் நூல் வழுக்காமல் ஒரு சுற்று இறுக்கிக் கட்டுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.

தோணியில் எழுந்து நின்றால் ஏன் கவிழ்கிறது?

ஓய்விலுள்ள பொருளைச் சற்று விலக்கி விட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். பழைய நிலைக்கே திரும்பினால் உறுதிச் சமநிலை, மேலும் விலகினால் உறுதியில் சமநிலை, விட்ட இடத்திலேயே நின்றால் நொதுமல் சமநிலை. கிண்ணத்துக்குள் உள்ள குண்டு, கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் உள்ள குண்டு, மேசை மேலுள்ள குண்டு.

வாவியில் மிதக்கும் தோணியில் நிறை கீழ்நோக்கியும் தண்ணீரின் மேலுதைப்பு மேல்நோக்கியும் ஒரே நிலைக்குத்துக் கோட்டில் தாக்குகின்றன. மேலுதைப்புத் தாக்குவது, தோணி இடம்பெயர்த்த தண்ணீரின் மையத்தூடாக. தோணி வலப்பக்கம் சரிந்தால் அந்தப் பக்கம் கூடுதலாகத் தண்ணீருக்குள் போகிறது, மேலுதைப்பின் கோடும் வலப்பக்கம் நகர்கிறது. நீங்கள் தாழ இருந்தால் புவியீர்ப்பு மையமும் தாழ இருக்கிறது; நிறைக்கோடு சிறிதளவே நகரும். மேலுதைப்பு நிறைக்கோட்டைத் தாண்டி வெளியே நின்று தோணியை நிமிர்த்தும் இணையைத் தருகிறது. எழுந்து நின்றால் மையம் உயர்கிறது. அதே சரிவுக்கு நிறைக்கோடு மேலுதைப்பைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்போது அதே இரண்டு விசைகள் தோணியைக் கவிழ்க்கும் இணையாக மாறுகின்றன. ஒடுங்கிய தோணியில் மேலுதைப்பு நகர இடம் குறைவு, அதனால் இன்னும் விரைவாகக் கவிழும். நடக்கவேண்டி வந்தால் குனிந்து, இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, நடுக்கோட்டில் கால் வையுங்கள்.

முகத்துவாரம் வெட்டிக் கடல்நீர் வாவிக்குள் வந்தால் தோணி உயர மிதக்குமா?

சிறிதளவு. மிதக்கும்போது மேலுதைப்பு நிறைக்குச் சமம், அது மாறாது. ஆளோடு 200 கிலோகிராம் தோணி நன்னீரில் 200 லீற்றரை இடம்பெயர்க்கும், லீற்றருக்கு 1.025 கிலோகிராம் உள்ள கடல்நீரில் 195 லீற்றர் போதும். வாவி நீர் இரண்டுக்கும் இடைப்பட்டது.

பரீட்சையில் எங்கே புள்ளி போகிறது?

படம் வரையாததில். ஒரு பொருளை மட்டும் தனியே வரைந்து, அதன் மீது மற்றவை கொடுக்கும் விசைகளை மட்டும் குறியுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் "இதை எது கொடுக்கிறது?" என்று கேளுங்கள். பதில் புவி, கயிறு, தரை, சுவர், நீர் என்று ஒரு பொருளாக இருக்க வேண்டும். பதில் இல்லாத அம்பை அழித்துவிடுங்கள்; "இயக்க விசை" என்று பஸ்ஸின் முன்னால் சும்மா போடும் அம்பு இந்தக் கேள்வியில்தான் அகப்படும்.

அடுத்தது, கிராமை நியூற்றனாக மாற்றாமல் விடுவது. திருப்பச் சமன்பாட்டின் இரு பக்கமும் கிராம் இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் கிராமும் மறுபக்கம் நியூற்றனும் இருந்தால் விடை கெட்டுப்போகும். மூன்றாவது, சீரான கோலின் சொந்த நிறையை மறப்பது. "பாரமற்ற கோல்" என்று கேள்வி சொல்லாவிட்டால் நடுவில் அதன் நிறைக்கு ஓர் அம்பு கட்டாயம் வேண்டும்.

மூன்று விசைகள் மட்டும் தாக்கும் கணக்கில், அவை சமாந்தரமாக இல்லையென்றால், மூன்றின் தாக்கக் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். தெரிந்த இரண்டு கோடுகளை நீட்டிச் சந்திக்கும் புள்ளியைக் கண்டுபிடித்தால், தெரியாத மூன்றாவதன் திசை படத்திலேயே கிடைத்துவிடும். மேலே சொன்ன வெறும் ஏணியில் செய்து பாருங்கள்: நிறைக்கோடும் சுவரின் தள்ளலும் தரையிலிருந்து 4 மீற்றர் உயரத்தில், ஏணியின் அடியிலிருந்து சுவர்ப் பக்கமாக 1.5 மீற்றரில் சந்திக்கின்றன. தரை கொடுக்கும் முழு விசையும் அடியிலிருந்து அந்தப் புள்ளியை நோக்கியே இருக்க வேண்டும், 1.5 ஐ 4 ஆல் பிரித்தால் அதே 0.375.